நலமானவர் வரிசை

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுகிறேன். கொஞ்சம் சளி, மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. நீயும் அத்தானும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவராக உட்கார்ந்துவிடுகிறாள். "அக்கா எப்படி இருக்கா?" என்றால் "அவ நல்லாத்தான் இருக்கா, நீ சாப்பிட்டியா?" என்று பதிலையும் கேள்வியையும் அவளே முடித்துவிடுகிறாள். நீ ரயிலேறும்போது சொன்னதுபோல நம் பேச்சைக் கடிதத்திலேயே வைத்துக்கொள்வோம்.

நீ வந்து ஒழுங்குபடுத்திய அறை அப்படியே இருக்கிறது. மேசையை மட்டும் பார்த்தால் திட்டுவாய்.

பயிற்சி தொடங்கிவிட்டது. வாரத்தில் நான்கு நாள் ஆய்வுக்கூடம், ஒரு நாள் மூட்டுநோய்ப் புறநோயாளிப் பிரிவு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஏன் சொந்த உடம்பையே தாக்குகிறது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கேள்வி. புறநோயாளிப் பிரிவில் நான் டாக்டர், ஆய்வுக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. பக்கத்து மேசைக்காரர் பத்து வருடம் சிறுநீரக மருத்துவராக இருந்துவிட்டு வந்தவர். எல்லோரும் அவரைச் சிறுநீரகக்காரர் என்றே கூப்பிடுகிறோம். சொட்டு அளக்கும் பிப்பெட்டைப் பிடிக்கும்போது அவரும் தடுமாறுவதைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது.

நீ ரத்தம் கொடுத்த அன்று நான் செய்த காரியத்துக்கு நேற்று ஆய்வுக்கூடத் தலைவி பெரிய மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நலமாக இருப்பவர்களின் ரத்தத்தை வைத்துத்தான் புதியவர்கள் கைப்பழக்கம் பெற வேண்டும். அதற்காகத்தான் உன்னையும், விடுதியில் இருக்கும் நான்கு பேரையும் பிடித்துக்கொண்டு போனேன். ஐந்து பேருக்கும் நானே ரத்தம் எடுத்தேன், குழாயில் நானே சீட்டும் ஒட்டினேன். வார்டில் அதுதான் விதி. ரத்தம் எடுத்தவர் கட்டில் பக்கத்திலேயே சீட்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பேரில் போய்விடும். ஆய்வுக்கூடத்தில் அதற்கு நேர்மாறு. ஒருவர் எடுக்க வேண்டும், இன்னொருவர் எண் போட வேண்டும். எந்த எண் யாருடையது என்று சோதிப்பவருக்குத் தெரியவே கூடாது.

"அஞ்சு நம்பரும் ஞாபகம் இருக்கா?" என்று மேடம் கேட்டார். இருக்கிறது என்றேன்.

"மறந்துடு."

"மேடம், மறக்கிறதுக்கு ஏதாவது பயிற்சி வகுப்பு வெச்சிருக்கீங்களா?" என்று சிறுநீரகக்காரர் கேட்டார். மேடம் சிரிக்கவில்லை. அந்த ஐந்து குழாய்களும் இனி ஆய்வில் சேராது, என் கைப்பழக்கத்துக்கு மட்டும்தான்.

முடிவு ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒப்புதல் படிவம் நிரப்பிய பெண் கேட்டபோது நீ சொன்ன பதில் இங்கே பிரபலமாகிவிட்டது. "வேண்டாம்மா. என் உடம்பை மூணு வருஷம் ப்ரூஃப் பார்த்தாச்சு. இருக்கிற பிழையோட அச்சுக்குப் போகட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். அந்த மூன்று வருடத்தையும், தங்காமல் போன அந்த இரண்டு கருவையும் தெரிந்தவள் என்பதால் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கண்ணுக்கு ஓய்வு கொடு. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் எலி


பிப்ரவரி 8

என் அருமை எலிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே மூன்று பேரும் நலம், நால்வராகச் சண்டை போடுகிறோம், அம்மா இருவருக்குச் சமம். உன் சளி போயிற்றா?

இத்தனை வருடம் டாக்டராக இருந்துவிட்டு மறுபடி எதற்குப் பள்ளிக்கூடம் என்று அம்மா தினமும் கேட்கிறாள். அத்தான் பொறுமையாக விளக்கினார்: "டாக்டர் நோயாளியைப் பார்ப்பாங்க, விஞ்ஞானி நோயைப் பார்ப்பாங்க. இவ ரெண்டையும் பார்ப்பா அத்தை." அம்மா தலையாட்டிவிட்டு, "ரெண்டு வேலைக்கும் சேர்த்து ஒரு சம்பளம்தானா?" என்றாள். அத்தான் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் எலிகள் உண்டு என்று எழுதியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். சொந்தக்காரர்களைப் பார்த்ததும் சேர்ந்து கொறிக்க உட்கார்ந்துவிடாதே.

எங்கள் அச்சகத்தில் பள்ளிப் பாடநூல் வேலை வந்து குவிந்திருக்கிறது. அறிவியல் புத்தகத்தில் இதயத்தின் படத்தை இடவலம் மாற்றி வைத்திருந்தார்கள். நான் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால் ஒரு தலைமுறைக்கே ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கென்று செய்த ஊசி, மாத்திரை, நாள் பார்ப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த மாதிரி மனசு இருக்கிறது. இதைப் பற்றி நீ இனி விசாரிக்க வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை, நிம்மதியாகத்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்கா,

எலியின் வணக்கம். சளி போய்விட்டது, தூக்கம் மட்டும் பாக்கி. வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

போன வாரம் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு தையல்காரம்மா வந்தார். காலையில் விரல்களை மடக்க முடியவில்லையாம், கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையவில்லையாம். மாத்திரை எழுதிக் கொடுத்தேன், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அது சரி டாக்டர், எனக்கு ஏன் வந்துச்சு?" என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் பதிலைச் சொன்னேன். "அது எப்படி வருதுன்னு சொல்றீங்க. நான் ஏன்னு கேக்கறேன்," என்றார். அதற்குப் பதில் தெரியாததால்தான் மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை.

இப்போது நான் பழகும் வேலையை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்தத்தின் தெளிந்த நீரில் ஒரு சொட்டு. சொந்த உடம்பைத் தாக்கும் எதிர்ப்பொருள் அதில் இருந்தால் கடைசியில் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீராகவே இருக்கும். மேல் வரிசைகள் நோயாளிகளுக்கு, கடைசி வரிசை நலமானவர்களுக்கு. கடைசி வரிசை வெளுத்து நின்றால்தான் மற்றதை நம்பலாம்.

என் தட்டில் நேற்று நலமானவர் வரிசையிலேயே ஒரு குழி பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. மேல் வரிசையிலிருந்து சொட்டு சிந்தியிருக்கும். "இவங்க கைபட்டா நல்லா இருக்கிறவங்களுக்கும் நோய் வந்துடும் போலிருக்கே," என்று சிறுநீரகக்காரர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மறுபடி செய்ய வேண்டும்.

அம்மாவிடம் சம்பளம் ஒன்றுதான், திட்டு இரண்டு பங்கு என்று சொல்.

எலி


மார்ச் 18

எலிக்கு,

இங்கே நலம், அங்கே தூக்கம் வந்ததா?

வேலை மலையாக இருப்பதால் நாலே வரி. தையல்காரம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது, அடுத்த முறை வந்தால் நான் கேட்டதாகச் சொல். மஞ்சள் என்ன ஆயிற்று? கையைக் கழுவிவிட்டு மறுபடி செய்தாயா? சின்ன வயசில் நீ குடம் தூக்கி வந்தால் கூடம் வரைக்கும் கோலம் போட்ட மாதிரி தண்ணீர் சிந்தியிருக்கும். அந்தக் கைதானே இது.

அத்தானுக்குப் பல்வலி. அதைத் தவிர வேறு செய்தி கிடையாது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

எலி எழுதுகிறேன். நான் சுகம்.

சில விஷயங்கள் கேட்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. கண் உறுத்துகிறது என்று ஜனவரியில் சொன்னாயே, மணல் விழுந்த மாதிரியா, வெறும் அசதியா? அழும்போது கண்ணீர் வருகிறதா? சோறு விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா? பல்லில் புதிதாகச் சொத்தை? காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, இருந்தால் எவ்வளவு நேரம்? வெயிலில் போனால் முகத்திலோ கையிலோ தடிப்பு வருகிறதா?

வேறொன்றும் இல்லை. புறநோயாளிப் பிரிவில் எல்லோரையும் கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டது.

அத்தானின் பல்வலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். கிராம்பு போதாது.

எலி


ஏப்ரல் 20

டாக்டர் அம்மாவுக்கு,

நோயாளி பணிவுடன் எழுதிக்கொள்வது. கண்: மணல்தான், நாள் முழுக்க ப்ரூஃப் பார்த்தால் மணல் விழாமல் மல்லிகையா விழும்? கண்ணீர்: போன மாதம் அத்தான் வெங்காயம் நறுக்கினார், அவர் அழுதார், நான் அழவில்லை. அதற்கு மருத்துவக் காரணம் உண்டென்று இப்போதுதான் தெரிகிறது, கல்நெஞ்சம் என்றல்லவா அவர் சொன்னார். தண்ணீர்: பக்கத்திலேயே சொம்பு வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன், ரொம்ப நாளாக அப்படித்தான். பல்: அத்தானுக்குத்தான். விரல்: நன்றாக மடங்குகிறது, யாரையாவது அறைய வேண்டுமென்றால் தயார். தடிப்பு: இல்லை.

இதெல்லாம் எதற்கு எலி? போன கடிதத்தில் மஞ்சளைப் பற்றிக் கேட்டேன், நீ ஒரு வரி எழுதவில்லை. கை சரியாகிவிட்டதா?

இங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை. வெயில்தான்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்கா,

எலியின் வணக்கம். வெயிலில் அலையாதே, நிறையத் தண்ணீர் குடி.

நீ கேட்ட விஷயம்: கையில் பிழை இல்லை. மூன்று தட்டுகள் செய்தேன், நான்காவதைச் சிறுநீரகக்காரர் என் கை படாமல் அவரே செய்தார். நாலிலும் ஒரே முடிவு.

ஜனவரியில் அந்தப் பெண் உன்னிடம் கேட்ட கேள்வியை இப்போது நான் திரும்பக் கேட்டால் பதில் அதேதானா? முடிவு ஏதாவது தெரியவந்தால் உனக்குச் சொல்லவா, வேண்டாமா? கட்டாயம் எதுவும் இல்லை. உனக்குத் தோன்றியதை எழுது.

பதிலை எதிர்பார்த்திருப்பேன்.

எலி


ஜூன் 11

எலிக்கு,

அக்காவின் ஆசி. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் என்று வைத்துக்கொள். போனில் அம்மா சொல்லியிருப்பாள், நான் நன்றாக இருக்கிறேன்.

அச்சகத்தில் இடம் மாறிவிட்டேன். கீழே இயந்திரங்களுக்குப் பக்கத்தில் இருந்தவளை மாடியில் ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறார்கள், நானே கேட்டு வாங்கினேன். இத்தனை வருடம் சோறு போட்ட மை வாசனை இந்த இரண்டு மாதமாகக் குமட்டுகிறது. மதியம் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிடுகிறேன், கூட வேலை செய்பவர்கள் எழுப்புவதில்லை. அத்தான் திடீரென்று நல்லவராகிவிட்டார். காய் நறுக்குகிறார், தண்ணீர்க் குடத்தை என்னைத் தொடவிடுவதில்லை. "உன் புருஷனுக்கு யாராவது மந்திரம் போட்டுட்டாங்களாடி?" என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நீயும் போனில் எதுவும் கேட்டுவைக்காதே. ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன், வயசாகிறதில்லையா.

பாடநூல் வேலை முடிந்துவிட்டது. இதயம் இப்போது சரியான பக்கத்தில் இருக்கிறது.

உன் கேள்விக்கு: என் பதில் மாறவில்லை. சொல்லாதே. இந்த வருடமாவது யாரும் என்னிடம் எதுவும் சொல்லாமல் போகட்டும்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். படித்த பிறகு நீ என்ன செய்தாலும் சரி.

நீ எழுதாமல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டேன். மை வாசனை, மதியத் தூக்கம், அத்தான், ரவிக்கை. கணக்குப்படி பிள்ளைக்குப் பதினான்கு வாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு என் வாயிலிருந்து போகாது.

அந்த மஞ்சள் குழி உன்னுடையது. எண் போட்டது நான்தான் என்பதால் எனக்குத் தெரியும்.

அதன் பொருள் இதுதான். ரோ என்ற பெயருள்ள ஒரு எதிர்ப்பொருள் உன் ரத்தத்தில் இருக்கிறது. நலமாக இருக்கும் பலரிடமும் அது இருக்கும், வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடக்கும். உன் கண்ணையும் வாயையும் உலர்த்தியது அதுவாக இருக்கலாம், அவ்வளவுதான். தங்காமல் போன இரண்டுக்கும் இதுதான் காரணமா என்று நீ கேட்பாய். அப்படிச் சொல்ல ஆதாரமில்லை, நான் சொல்லமாட்டேன். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு, பிள்ளையின் இதயத்தில் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குச் செய்தி போகும் பாதையை அது கெடுத்துவிடும். கெட்டால் பெரும்பாலும் பதினாறாம் வாரத்துக்கும் இருபத்தாறாம் வாரத்துக்கும் நடுவில் கெடும். மற்ற தொண்ணூற்றெட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்தைக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு. வாராவாரம் இதய ஸ்கேன் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூட முடிவை வைத்து யாரும் மருந்து தரக்கூடாது, அதனால் முதலில் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும். இந்த வாரமே போ. உன் டாக்டருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன்.

பெரிய மேடத்திடம் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டேன். கொடுத்தவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது சொல்லக்கூடாது, பிள்ளை பெறும் எண்ணம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை, வேண்டுமானால் ஒருமுறை திரும்பக் கேட்டுப் பார் என்றார். உனக்கு அந்த எண்ணம் இல்லை என்று உன் பிப்ரவரிக் கடிதத்தை நம்பித்தான் நான் மே வரை காத்திருந்தேன். இன்று காலை உன் கடிதத்துடன் மறுபடி போனேன். ஆய்வு நெறிமுறைக் குழு மாதக் கடைசியில் கூடும், அதுவரை வாயைத் திறக்காதே என்றார். உலர்ந்த கண்ணைச் சாக்காக வைத்து உன்னைப் பொதுவாக ஒரு பரிசோதனைக்குப் போகச் சொல்லலாம், அதில் விதிமீறல் இல்லை என்றும் அவரே வழி சொன்னார். நல்ல வழிதான். ஆனால் பிழை பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவளிடம் அந்த நாடகம் ஒரு பக்கம்கூட ஓடாது.

"டாக்டராவும் நீ சொல்லக்கூடாது, ஆராய்ச்சியாளராவும் சொல்லக்கூடாது," என்றார்.

"அப்ப தங்கச்சியா?" என்று பக்கத்திலிருந்த சிறுநீரகக்காரர் கேட்டார்.

மேடம் உன் கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "அந்தப் பதவி என் துறையில இல்ல," என்றார்.

அதனால் எழுதுகிறேன்.

எலி


ஜூலை 5

எலிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரும் இந்த முறை கேட்டுக்கொள்ள வேண்டாம்.

பரிசோதனை செய்தேன். இருக்கிறது. மாத்திரை தொடங்கியாயிற்று. குழந்தைகளின் இதயத்தை மட்டும் பார்க்கும் டாக்டர் இங்கே இல்லை, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். இரண்டு ஸ்கேன் முடிந்தது, புதன்கிழமை தோறும். அத்தான் உன் கடிதத்தை நாலு முறை படித்தார், உன்மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு இல்லாததால் எனக்கும் இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ சொன்னதற்காக எனக்குக் கோபம் இல்லை. வேண்டாம் என்றவளிடம் சொன்னாய், சரி, வாங்கிக்கொண்டேன். ஏப்ரல் கடிதத்துக்குத்தான் கோபம். அதை எடுத்து மறுபடி படித்தேன். கண்ணைக் கேட்டிருக்கிறாய், வாயைக் கேட்டிருக்கிறாய், பல்லை, விரலை, தோலைக் கேட்டிருக்கிறாய். நலமா என்று கேட்கவில்லை. அந்தக் கடிதம் வந்த அன்றுதான் நான் உண்டாகியிருப்பது உறுதியாகியிருந்தது. உன்னிடம் மட்டும் சொல்லலாம் என்று தாளை எடுத்து வைத்திருந்தேன். உன் கடிதத்தைப் பிரித்ததும், இது தங்கச்சி இல்லை, இன்னொரு டாக்டர், சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும் என்று நினைத்துத் தாளை மூடிவைத்துவிட்டேன். வெங்காயத்தைப் பற்றி எழுதி அனுப்பினேன். நீ மறைத்துக்கொண்டு கேட்டாய், நான் மறைத்துக்கொண்டு பதில் சொன்னேன். நாலு வரி நேராக எழுதியிருந்தால் ஏப்ரலிலேயே நான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருப்பேன்.

திட்டி முடித்தாயிற்று.

அந்த ஸ்கேன் அறையில் யாரும் எதுவும் பேசுவதில்லை. விளக்கை அணைத்துவிடுகிறார்கள். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்கேன் எடுக்கும் பெண் ஏதோ அளக்கிறாள். புருவம் சுருங்கினால் நான் தலையைத் தூக்கிவிடுகிறேன். என்னம்மா என்று கேட்டால், டாக்டர் சொல்வாங்க என்கிறாள். டாக்டர் வந்து, பார்த்துட்டே இருப்போம் என்கிறார். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்கும் என்கிறார். அவர் திரையில் பார்ப்பது மேகத்தையா பிள்ளையையா என்று அவருக்கே தெரியாது.

உனக்குத் திரை தெரியும். ஒரு புதன்கிழமை வா. என்னைத் தேற்றாதே. தெரிவதைத் தெரிந்த உடனே என்னிடம் சொல். அவர்கள் முகத்தைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நலமா? கால் வீக்கம் வடிந்ததா? அம்மா தூங்கவிடுகிறாளா? நீ அவளிடம் சொல்லிவிட்டது நல்லதுதான், நான்கு நாளில் எட்டு பேர் எனக்குப் போன் செய்து வாழ்த்திவிட்டார்கள்.

நெறிமுறைக் குழு முடிவு சொல்லிவிட்டது. நான் செய்தது விதிமீறல், காரணம் ஏற்கத்தக்கது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறார்கள். அதை நீ திருத்தியிருந்தால் இரண்டாக உடைத்திருப்பாய். ஆறு மாதம் நான் யாரிடமும் மாதிரி எடுக்கக்கூடாது. பயிற்சியும் ஆறு மாதம் நீள்கிறது. பயிற்சிக்கு வருபவர்கள் இனி சொந்தக்காரர்களை ரத்தம் கொடுக்க அழைத்துவரக்கூடாது என்று புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள். சிறுநீரகக்காரர் அதற்கு அக்கா விதி என்று பெயர் வைத்துவிட்டார். மேடம்கூட நேற்றுக் கூட்டத்தில் தவறி அப்படியே சொல்லிவிட்டார்.

புதன்கிழமையைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் அளவு நீளமாக வந்தது. மேல் அறை துடித்து, கீழ் அறை துடிக்க வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தியது. அந்தப் பெண்ணுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் நீ "சொல்லு" என்றாய். எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன், அதற்கென்று ஒரு குரல் இருக்கிறது, நாற்காலியை எப்படி இழுத்துப்போட்டு உட்கார வேண்டும் என்றுகூடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அன்று அந்தக் குரல் வரவில்லை.

"ஒரு தடவை நீளமா வந்திருக்கு. திரும்ப அளக்கிறாங்க. அளவு தப்பா, இல்ல நிஜமாவே நீளமான்னு எனக்கு இன்னும் தெரியலக்கா" என்றேன்.

நீ பதறுவாய் என்று நினைத்தேன். "சரி. தெரிஞ்சதும் சொல்லு," என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதும். பிள்ளை அசைந்ததால் முதல் அளவு பிசகியிருக்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் அதற்கு முன்பே உன்னிடம் சொல்லிவிட்டேன். அத்தான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப அடுத்த வாரம்?" அதற்குள் உள்ளே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் பதில் சொல்லவில்லை.

பதில் இது. புதன்கிழமை பார்த்தவரை உன் பிள்ளையின் இதயம் ஒழுங்காக அடிக்கிறது. இன்னும் இரண்டு வாரம் தாண்ட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அடுத்த புதன்கிழமை திரையில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது, எங்கள் மேடத்துக்கும் தெரியாது. மாதிரி எடுக்கும் நாள் புதன், அதனால் எனக்கு இப்போது புதன்கிழமைகளில் வேலை இல்லை.

புதன் காலை ரயிலில் வருகிறேன்.

எலி